ஓடுவதால் என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மெல்லோடி (இழையைத் தொடங்கியவர்)

எட்டு மாதங்களாக வாரத்திற்கு மூன்று நாட்கள் ஓடி வருகிறேன். வயது 46. தொடங்கிய காரணத்தில் புதுமை எதுவும் இல்லை. இரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் நிற்கிறது, மாத்திரைக்கு முன் உடலைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். இதற்கு முன்பும் இருமுறை தொடங்கிக் கைவிட்டவன் நான். இரண்டு முறையும் செய்த தவறு ஒன்றுதான். ஓட்டம் என்றால் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடியது மட்டுமே நினைவில் இருந்ததால், யாரோ விசில் ஊதிவிட்டதைப் போல முதல் நாளே பாய்ந்து, முந்நூறு மீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு வாரம் கெண்டைக்கால் வலியோடு படியேறி, நமக்கு இது சரிப்பட்டு வராது என்று முடிவுகட்டினேன்.

மூன்றாம் முறை, வேகமாக நடப்பவர் என்னைத் தாண்டிச் செல்லும் அளவுக்கு மெதுவாக ஓடினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று வீடு திரும்பியபோது, மறுநாளும் போகலாம் என்று முதன்முறையாகத் தோன்றியது. மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, இரவு பெய்த மழையில் ஊறிய மண்பாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, மூச்சும் காலும் தாமாகவே ஓர் ஒப்பந்தத்திற்கு வந்திருப்பதைக் கவனித்தேன்: மூன்று அடிக்கு உள்ளிழுப்பு, இரண்டு அடிக்கு வெளிவிடுதல். யாரும் சொல்லித் தரவில்லை. கணக்கு வைக்கத் தொடங்கியதும் அது கலைந்துவிட்டது. கவனிக்காமல் விட்டதும் திரும்பி வந்தது.

இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் நேற்று நண்பர் ஒருவர், "தினமும் இப்படி வேர்த்து விறுவிறுத்து வருகிறாயே, என்ன கிடைக்கிறது?" என்று கேட்டபோது, இரத்த அழுத்தத்தைச் சொல்ல வாய் வரவில்லை. உண்மையான விடை அதுவல்ல என்று மட்டும் தெரிந்தது. உங்களிடம் விடை இருந்தால் எழுதுங்கள். பதக்கம் வாங்குவோரின் விடை எனக்கு வேண்டாம். பொழுதுபோக்காக ஓடுபவர்களின் விடைதான் வேண்டும்.

பாதித்தூரம்

மெல்லோடி அவர்களே, உங்கள் மூன்றாம் முயற்சி கைகூடியதற்கு மன உறுதியைவிட உடலியங்கியலே முதற்காரணம் என்பேன். மூச்சு முட்டாத வேகத்தில் நெடுநேரம் ஓடும்போது, கால் தசைகளுக்குள் இரத்தத் தந்துகிகள் பெருகுகின்றன. தசைச் செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் கூடுகின்றன. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றக் கற்றுக்கொள்வதால் ஓய்வு நேரத் துடிப்பு குறைகிறது. முதல் நாளே பாய்ந்து ஓடுபவரால் இந்த மாற்றங்களுக்குத் தேவையான நேரம் வரை தாக்குப்பிடிக்கவே முடியாது. அவருக்கு மிஞ்சுவது களைப்பு மட்டுந்தான்.

இதை உலகுக்கு உரக்கச் சொன்னவர் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். 800 மீட்டர் ஓடுபவரையும் வாரத்திற்கு 160 கிலோமீட்டர் ஓடவைத்தவர் அவர். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் அடுத்துச் செய்த காரியம். இதயநோய் கண்டவர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் கூட்டிவைத்து மெல்லோட்டம் பழக்கினார். 1960களின் தொடக்கத்தில் அங்கே சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மன், எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கித் திணறியிருக்கிறார். பெரும் பெரும் வீரர்களைப் பயிற்றுவித்த மனிதர் அவர்! ஊர் திரும்பியதும் அமெரிக்காவில் மெல்லோட்டத்தைப் பரப்பியவர்களில் முதல் வரிசையில் நின்றார்.

அளவுகோல் ஒன்று வேண்டுமென்றால், ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேசி முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். தனியாக ஓடுபவர்கள், மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு ஒன்றின் இரண்டு வரியை முணுமுணுத்துப் பார்க்கலாம். நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

கேள்விக்குறி

இழையின் உற்சாகத்தைக் குலைக்க விரும்பவில்லை. ஆனால் யாராவது ஒருவர் எதிர்க்கேள்வி கேட்டுத்தானே ஆக வேண்டும். என் சித்தப்பா இருபது ஆண்டுகள் ஓடினார். இன்று இரண்டு முழங்கால்களும் தேய்ந்து, கைப்பிடி இல்லாமல் மாடிப்படி ஏற முடியவில்லை. நெடுந்தூர ஓட்டத்தின் நடுவே ஒருவர் சுருண்டு விழுந்து இறந்தார் என்ற செய்தியையும் அவ்வப்போது படிக்கிறோம்.

உடல்நலம்தான் நோக்கம் என்றால் அதற்கு ஓடவே தேவையில்லை. 1953இல் ஜெரிமி மோரிஸ் என்பவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, இலண்டனின் இரட்டைமாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று காட்டியது. அந்த நடத்துநர்கள் யாரும் காலையில் எழுந்து ஓடவில்லை. நடந்தாலும் படியேறினாலும் போதும் என்றிருக்க, முழங்காலைப் பணயம் வைப்பானேன்?

கணைக்கால்

தொழிலால் நான் இயன்முறை மருத்துவர், பொழுதுபோக்கால் ஓடுபவர். ஆகவே நான் ஒரு பக்கம் சாய்வேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

உங்கள் சித்தப்பாவின் முழங்காலை நான் பரிசோதிக்காததால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. முழங்கால் தேய்மானத்திற்குப் பழைய அடிபட்ட காயம், உடல் எடை, பரம்பரை எனப் பல வாசல்கள் உண்டு. ஆனால் "ஓடினால் முட்டி தேயும்" என்ற நம்பிக்கை, முழங்காலை வண்டிச்சக்கரத்தைப் போல எண்ணுவதால் வருவது. சக்கரம் ஓடஓடத் தேயும். தன்னைத் தானே சரிசெய்துகொள்ளத் தெரியாது. மூட்டில் இருக்கும் குருத்தெலும்போ உயிருள்ள பொருள். அதற்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. அழுத்தும்போது நீர்மம் பிழியப்படுவதும் விடும்போது உறிஞ்சப்படுவதுமாகவே அதற்கு ஊட்டம் சேர்கிறது. அளவான சுமை அதற்கு உணவு. அளவு மீறிய சுமையும், சுமையே இல்லாத நிலையும் இரண்டுமே கேடு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1984 முதல் நடந்த ஆய்வு ஒன்றில், ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் இருபது ஆண்டுகளுக்கு நெருக்கமாகத் தொடர்ந்து கவனித்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, 19 ஆண்டுகளில் ஓடாத குழுவில் 34 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். ஓடிய குழுவில் 15 விழுக்காட்டினர். ஆடை அணிதல், நாற்காலியிலிருந்து எழுதல், நடத்தல் போன்ற அன்றாடச் செயல்களில் ஏற்படும் இயலாமையும் ஓடியவர்களுக்குப் பல ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது.

ஓட்டத்தின் நடுவே நிகழும் மரணங்களைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. 2000க்கும் 2010க்கும் இடையில் அமெரிக்காவின் முழு, அரை மாரத்தான்களில் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயத்துடிப்பு நின்றிருக்கிறது. அவர்களில் 42 பேர் இறந்தார்கள். அதாவது, ஏறத்தாழ 1,84,000 பேரில் ஒருவருக்குத் துடிப்பு நின்றது. ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பெரும்பாலானவர்களுக்கு ஏற்கெனவே கண்டறியப்படாத இதயக் கோளாறு இருந்தது. ஆகவே மார்பில் இறுக்கமோ, காரணமில்லாத மயக்கமோ, குடும்பத்தில் இளவயது மாரடைப்போ உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே காலணியைக் கட்ட வேண்டும். இதில் வீறாப்புக்கு இடமில்லை.

நடை போதாதா என்றால், போதும். நடப்பவரை இழுத்து வந்து ஓடவைப்பது என் வேலை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த வழிகாட்டலின்படி, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு வேண்டும். விரைவு நடை முன்னதில் சேரும், ஓட்டம் பின்னதில். பாதி நேரத்தில் அதே வேலை முடிகிறது என்பதுதான் ஓட்டத்தின் நேரடி இலாபம். 2014இல் வெளியான, 55,137 பேரை உள்ளடக்கிய ஓர் ஆய்வில், ஒரு நாளைக்கு 5 முதல் 10 நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்கே இறப்பு வாய்ப்பு ஓடாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது.

இனி ஓட்டக்காரர்கள் கேட்க விரும்பாததையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வரும் ஓட்டக் காயங்களில் பெரும்பாலானவை கீழே விழுந்ததால் வந்தவை அல்ல, பொறுமையின்மையால் வந்தவை. புதிதாகத் தொடங்கியவருக்கு ஆறாவது வாரத்தில் மூச்சு சீராகிவிடுகிறது. இதயமும் தசையும் தயாராகிவிடுகின்றன. தசைநாணும் எலும்பும் அவ்வளவு விரைவாகத் தயாராவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். மூச்சு "போகலாம்" என்கிறது, குதிகால் தசைநாண் "பொறு" என்கிறது. மனிதர் மூச்சின் பேச்சைக் கேட்டுவிடுகிறார். அடுத்த வாரமே கணைக்கால் எலும்பின் உட்புற ஓரத்தில் விரல் வைத்தால் சுரீரென்று வலிக்கிறது, அல்லது காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்துவது போல் இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் மறையும் இலேசான பிடிப்பைக் கவனித்துக்கொண்டே ஓடலாம். ஓடஓடக் கூடும் வலியோடும், நொண்டவைக்கும் வலியோடும், எலும்பின் ஒரே புள்ளியில் வரும் வலியோடும் ஓடக் கூடாது.

கேள்விக்குறி

விரிவான விடைக்கு நன்றி. முழங்கால் விஷயத்தில் என் வாதத்தைப் பின்வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. ஓடியவர்கள் நலமாக இருந்தார்களா, நலமாக இருந்தவர்கள் ஓடினார்களா? நான் காட்டிய பேருந்து ஆய்விலேயே இந்தச் சிக்கல் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து, 1956இல், அதே குழுவினர் பணியாளர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்பளவு தொடக்கத்திலிருந்தே பெரிதாக இருந்தது தெரியவந்தது. பருமனானவர்கள் ஓட்டுநர் இருக்கையைத் தேடிப் போயிருக்கலாம் அல்லவா?

கணைக்கால்

சரியான கேள்வி. நான் காட்டிய இரண்டு ஆய்வுகளும் கவனித்துப் பதிவு செய்தவைதான். குலுக்கல் முறையில் பாதிப் பேரை இருபது ஆண்டுகள் ஓடவைத்தும் மீதிப் பேரை உட்காரவைத்தும் எவராலும் ஆய்வு நடத்த முடியாது. ஆகவே ஆயுள் இத்தனை ஆண்டு கூடும் என்று யாராவது உறுதி கூறினால் நானும் நம்ப மாட்டேன். இரத்த அழுத்தம், ஓய்வுத் துடிப்பு, சர்க்கரையைத் தசைகள் பயன்படுத்தும் திறன் போன்றவை பயிற்சியால் மாறுகின்றன என்பதற்குக் குறுகிய காலச் சோதனைகளிலேயே சான்று இருக்கிறது. அவ்வளவு போதும் எனக்கு.

ஈரமண்

கேள்வி உடல்நலத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. மெல்லோடி ஐயா கேட்டது வேறு என்று நினைக்கிறேன்.

எனக்கு 52 வயது. தொடங்கிய முதல் ஆண்டு முழுவதும் விடிவதற்கு முன்பே ஓடி முடித்துவிடுவேன். உடற்பயிற்சி ஆர்வம் அதற்குக் காரணம் அல்ல. யாரும் பார்க்கக் கூடாது என்பதுதான் காரணம். பெண் ஓடினால் எதற்கோ பயந்து ஓடுகிறாள் அல்லது எதையோ பிடிக்க ஓடுகிறாள் என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். சும்மா ஓடுகிறாள் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. இந்தப் பார்வைக்கு நீண்ட வரலாறு இருப்பதைப் பின்னால்தான் படித்தேன். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியதும், ஓடியவர்கள் களைத்துச் சரிந்துவிட்டதாகப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுத, அதன் பிறகு 1960 வரை பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே இல்லாமல் செய்துவிட்டார்கள். ஓடி முடித்துக் களைத்துப் படுக்கும் ஆண்களை அன்றும் யாரும் தடை செய்யவில்லை.

1966இல் பாஸ்டன் மாரத்தானில் பாபி கிப் என்பவர் புதருக்குள் ஒளிந்திருந்து, ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தோடு கலந்து ஓடினார். அடுத்த ஆண்டு கேத்ரின் ஸ்விட்சர் பெண் என்று தெரியாதபடி முதற்பெயருக்குப் பதில் முதலெழுத்துகளை எழுதிப் பதிவு செய்து 261 என்ற எண்ணோடு ஓடியபோது, போட்டி அதிகாரி ஒருவர் பாதையிலேயே பாய்ந்து அந்த எண்ணைப் பிடுங்க முயன்றார். பாஸ்டனில் பெண்களை முறைப்படி அனுமதித்தது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984இல். ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் வென்றார். அப்போது நான் பள்ளிச் சிறுமி. என் தலைமுறைப் பெண்களுக்கு ஓட்டம் என்பது அவ்வளவு புதியது.

எனக்கு என்ன கிடைக்கிறது என்றால், அந்த நாற்பது நிமிடத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை எழுப்பலாம், படித்துக்கொண்டிருப்பவளைக் கூப்பிடலாம். ஓடிக்கொண்டிருப்பவளை நிறுத்தி, சாவி எங்கே என்று கேட்க முடியாது. முதல் பத்து நிமிடம் மனம் வீட்டிலேயே இருக்கும்: முடிக்காத வேலை, சொல்லத் தவறிய பதில். பிறகு மெல்ல மெல்ல அது காலடிக்கு இறங்கி வரும். சரளைக்கல்லில் ஓர் ஒலி, மண்ணில் ஓர் ஒலி, காய்ந்த இலையில் வேறோர் ஒலி. இருபதாம் நிமிடத்திற்கு மேல் என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் வீடு திரும்பும்போது, காலையில் முடிச்சாக இருந்த ஏதோ ஒன்று தானாகத் தளர்ந்திருக்கும். எப்போதும் என்று சொல்ல மாட்டேன். பத்தில் ஆறு நாட்கள்.

இப்போது நல்ல வெளிச்சத்திலேயே ஓடுகிறேன்.

பாதித்தூரம்

ஈரமண் அம்மா சொல்லும் அந்தத் தளர்வுக்கு வேதியியலும் துணை நிற்கிறது. வலியைத் தணிக்க உடலே சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஆனால் இரத்தத்தில் கூடும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாத அளவுக்குப் பெரிய மூலக்கூறு. கஞ்சாவில் இருப்பவற்றை ஒத்த, உடலே சுரக்கும் கன்னாபினாய்டு வகைப் பொருட்கள், குறிப்பாக ஆனந்தமைடு, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடையைக் கடந்துவிடுகின்றன. பதற்றம் குறைவதற்கு அவை காரணமாக இருக்கலாம் என்பதை 2015இல் எலிகளிடம் நடந்த ஆய்வு காட்டியது. "ஆனந்தம்" என்ற சொல்லையே வைத்து அந்தப் பொருளுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள் என்பது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

விட்டுப்பிடித்தவன்

எல்லோரும் இன்பத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். அதை நான் எப்படித் தொலைத்தேன் என்பதையும் எழுதுகிறேன். புதிதாக வருபவர்களுக்கு அதுவும் தெரிந்திருக்கட்டும்.

இரண்டாம் ஆண்டு கைக்கடிகாரம் ஒன்று வாங்கினேன். தூரம், வேகம், இதயத்துடிப்பு, தூக்கம் என எல்லாவற்றையும் அது எண்ணிச் சொல்லும். முதலில் விளையாட்டாக இருந்தது. பிறகு 9.8 கிலோமீட்டரில் வீட்டு வாசலை அடைந்தால், உள்ளே போகாமல் தெருவில் முன்னும் பின்னுமாக 200 மீட்டர் ஓடி எண்ணை முழுமையாக்கும் நிலைக்கு வந்தேன். கடிகாரத்தில் மின்சாரம் தீர்ந்துபோன ஒரு நாள், பதிவாகாத ஓட்டம் எதற்கு என்று ஓடாமலே திரும்பிவிட்டேன். அந்த நாளை நினைத்தால் இன்றும் சிரிப்பும் வருகிறது, கூச்சமும் வருகிறது. நண்பர்களின் வேகம் திரையில் தெரியத் தெரிய, மெதுவாக ஓட வேண்டிய நாட்களிலும் வேகமாக ஓடினேன். ஓய்வுத் துடிப்பு ஏறியது, தூக்கம் கெட்டது, காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். இவை மிகைப்பயிற்சியின் அடையாளங்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சோம்பல் என்று எண்ணி இன்னும் கூட்டினேன். கடைசியில் பாத எலும்பில் கீறல் விழுந்து, மூன்று மாதம் ஓட்டமே இல்லை.

அந்த மூன்று மாதத்தில் எனக்குப் புரிந்தது: நான் இழந்து வருந்தியது எண்களை அல்ல. சாளரத்தில் நின்று, எதிரே யாரோ ஒருவர் சாவகாசமாக ஓடிப்போவதைப் பார்க்கும்போது கால் தானாகத் துருதுருத்தது. திரும்பி வந்தபோது கடிகாரத்தை இழுப்பறையில் வைத்துவிட்டு, போகும்போது இருபது நிமிடம், திரும்பும்போது இருபது நிமிடம் என்ற கணக்கோடு மட்டும் ஓடுகிறேன். கருவியே கூடாது என்று சொல்ல வரவில்லை. பாதித்தூரம் போன்றவர்கள் அதை வேலைக்காரனாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அது எசமானனாகிவிட்டது.

பாதித்தூரம்

நானும் தெருவில் 200 மீட்டர் ஓடி முழுமையாக்குபவன்தான். போன வாரங்கூட.

முதல்வாரம்

இதுவரை படித்துவிட்டு, ஓடிப் பார்க்கலாம் என்று முதன்முறையாகத் தோன்றியது. வயது 38, உட்கார்ந்தே செய்யும் வேலை, வேறு நோய் எதுவும் இல்லை. எப்படித் தொடங்குவது? காலணி, தண்ணீர், நீட்டல் பயிற்சி என்று தேடினால் ஒன்றுக்கொன்று முரணாக ஆயிரம் அறிவுரைகள் வருகின்றன.

மெல்லோடி

என் பட்டறிவில் இருந்து சொல்கிறேன். கணைக்கால் அவர்கள் திருத்தட்டும். ஐந்து நிமிடம் விறுவிறுப்பாக நடங்கள். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. கடைசியில் மீண்டும் ஐந்து நிமிட நடை. வாரத்தில் மூன்று நாட்கள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. ஓட்டத்தின் பங்கை வாராவாரம் சிறிது கூட்டுங்கள். கடினமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல், ஐம்பதைக் கடந்த தம் தாயாரையும் மனத்தில் வைத்து, ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டரை எட்டும் வகையில் இப்படியொரு திட்டத்தை வகுத்தார். இன்று உலகெங்கும் பின்பற்றுவது பெரும்பாலும் அதன் சாயல்களைத்தான். நான் அதை முடிக்க ஒன்பது வாரத்திற்குப் பதில் பதினைந்து வாரம் எடுத்துக்கொண்டேன். ஒன்றும் குடிமுழுகிப்போகவில்லை.

காலடியை எட்டிப் போடாதீர்கள். உடலுக்கு வெகுமுன்னால் குதிகால் ஊன்றினால் ஒவ்வோர் அடியும் தடை போடுவது போல அதிரும். சிறு சிறு அடிகளாக, உடலுக்கு நேர்கீழே பாதம் படுமாறு ஓடினால் ஓசையே குறையும். உங்கள் காலடியோசை உங்களுக்கே உரக்கக் கேட்டால் அடி நீளம் என்று பொருள்.

கணைக்கால்

திருத்த ஒன்றுமில்லை, சில சேர்க்கைகள் மட்டும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஆகவே காலணியில் கஞ்சத்தனம் வேண்டாம். அதற்காக விலை உயர்ந்ததுதான் நல்லது என்றும் இல்லை. போட்டு ஓடிப் பார்த்ததும் இதமாக இருக்க வேண்டும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகல இடம் இருக்க வேண்டும். கால்கள் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் போட்டுப் பாருங்கள். அபேபே பிகிலா 1960 ரோம் மாரத்தானை வெறுங்காலோடு ஓடி வென்றார் என்பது உண்மை. அவருடைய பாதங்கள் சிறுவயது முதல் அதற்குப் பழகியவை, உங்களுடையவை மேசைக்கடியில் பழகியவை.

தண்ணீரைப் பொறுத்தவரை, தாகம் எடுத்தால் குடியுங்கள். அரைமணி நேர ஓட்டத்திற்குப் புட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்கு சோடியம் இயல்பளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதற்கு முக்கியக் காரணம் உடல் இழந்ததைவிட அதிகமாகக் குடித்ததுதான். வெப்பம் மிகுந்த நாட்களில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தோலைக் குளிர்விக்கவும் இரத்தம் போக வேண்டியிருப்பதால் அதே வேகத்திற்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். அசையாமல் நின்று நீட்டும் பயிற்சிகளை ஓட்டத்திற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்திற்கு முன் நடையே போதும்.

அந்திநடை

எனக்கு 71 வயது. இழையைப் படித்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வயதானவர்களின் பக்கத்தை யாரும் எழுதவில்லை.

நாற்பதுகளில் நான் பத்து கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்திற்குள் ஓடியவன். இன்று எண்பது நிமிடம் ஆகிறது. ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் வேகத்தோடு சமாதானமாவது எளிதன்று. சில ஆண்டுகள் கோபமாகவே ஓடினேன். ஃபௌஜா சிங்கைப் பற்றிப் படித்தபோது அந்தக் கோபம் சற்று அடங்கியது. மனைவியையும் பின்னர் மகனையும் இழந்த துயரத்திலிருந்து மீள்வதற்காக எண்பது வயதைக் கடந்தபின் ஓட்டத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர், 2000இல், கடவுச்சீட்டின்படி 89 வயதை எட்டியபோது, இலண்டனில் தம் முதல் மாரத்தானை முடித்தார். 2011இல் டொராண்டோவில், நூறு வயதில், எட்டு மணி நேரத்திற்கு மேல் ஓடியும் நடந்தும் 42.195 கிலோமீட்டரையும் கடந்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அதைக் கின்னஸ் சாதனையாக ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் மட்டும் அந்த எட்டு மணி நேரத்தில் ஒரு நிமிடம் கூடியிருக்குமா என்ன?

இப்போது எனக்குக் கிடைப்பது இதுதான்: காலையில் எழுந்ததும் இடுப்பும் முழங்காலும் மரக்கட்டையாக இருக்கும். முதல் பத்து நிமிடம் நான் ஓடுவதைப் பார்த்தால் நீங்கள் ஓட்டம் என்றே சொல்ல மாட்டீர்கள். பதினைந்தாம் நிமிடத்தில், நன்றாக எண்ணெயிட்ட கீல் திறப்பதைப் போல ஏதோ ஒன்று இளகும். அதன் பிறகு ஏறத்தாழ அரைமணி நேரம் எனக்கு வயதே கிடையாது. வீட்டுப் படியில் ஏறும்போது வயது திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். மெல்லோடி தம்பி, உங்கள் நண்பரிடம் இதைச் சொன்னால் அவருக்குப் புரியுமா என்று தெரியவில்லை.

மெல்லோடி

ஐயா, அவருக்குப் புரியாது என்றுதான் நினைக்கிறேன். ஈரமண் அவர்களின் சாவிக் கதையைச் சொன்னேன், அதற்குச் சிரித்தார். வரும் ஞாயிறு என்னோடு வந்து பார்க்கிறேன் என்றார். வந்தால் அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை; பேசமுடிகிற வேகத்தில் அவரை ஓடவைத்து, வேறு எதைப் பற்றியாவது பேசிக்கொண்டு வருவேன்.

முதல்வாரம்

இன்று காலை போய்வந்தேன். ஒரு நிமிடம் இவ்வளவு நீளமானது என்று இதற்கு முன் தெரியாது. எட்டு முறையில் ஆறு முறை முழுதாக ஓடினேன். ஏழாவதில் பாதியில் நின்றுவிட்டேன். எட்டாவதில் ஒருவர் என்னை நடந்தே கடந்து போனார். விரட்டிப் பிடிக்க வேண்டும் என்று கால் பரபரத்தது. இந்த இழை நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது கெண்டைக்கால் இரண்டும் சூடாக இருந்தன, முகம் முழுக்க வேர்வை, காரணம் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். நாளை ஓய்வு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நடக்கலாமா, அதுவும் கூடாதா?

கணைக்கால்

நடக்கலாம். ஓடத் தோன்றும், ஓட வேண்டாம்.